வார இறுதியில் பர்ஸைத் தொடாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

இரட்டைவால் | சனி, இரவு 9:40

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. நகரத்தின் நடுவில் அடுக்குமாடி வீடு, சொந்த வண்டி கிடையாது. புதன்கிழமையே "இந்த வாரம் எங்கே போறோம்?" ஆரம்பமாகிவிடும்.

இன்று "அனுமதி இலவசம்" என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு கண்காட்சிக்குப் போனோம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால், நாலு பேரும் சினிமாவுக்கே போயிருக்கலாம். போக வர வாடகை வண்டி, தண்ணீர் பாட்டில், ஒரு பலூன், அது பறந்துபோனதும் அழுகையை நிறுத்த இன்னொரு பலூன், ராட்டினம், வெளியே வரும் வழியில் பொம்மைக் கடை. அந்தக் கடையைத் தாண்டாமல் வெளியேறவே முடியாதபடி வழி அமைத்திருந்தார்கள்.

பூங்காவுக்குப் போங்கள், நூலகத்துக்குப் போங்கள் என்று ஒற்றை வரியில் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது எனக்கே தெரியும். போய் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. பூங்காவில் பத்து நிமிடத்தில் பெரியவளுக்கு போரடிக்கிறது, சின்னவனை ஊஞ்சலிலிருந்து இறக்க முடிவதில்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி, அரை நாளில் முடிகிற மாதிரி, நீங்கள் செய்து பார்த்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

நடைவண்டி | சனி, இரவு 10:15

நானும் இந்தப் பலூன் கட்டத்தைத் தாண்டி வந்தவன்தான். நுழைவுச் சீட்டு விலையை மட்டும் பார்த்து "இலவசம்" என்று முடிவு செய்வதில்தான் கோளாறு. பணம் கரைவது போகும் வழியிலும் பசியிலும்.

நான் மூன்று மாதம் ஒரு சின்ன நோட்டில் எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நுழைவுக் கட்டணம்தான் மிகச் சின்ன செலவு. முதலிடம் தின்பண்டத்துக்கு, இரண்டாமிடம் போக்குவரத்துக்கு. அதற்கப்புறம் இரண்டே பழக்கங்களை மாற்றினோம். ஒன்று, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே வாசல்படி தாண்டுவது, அடுத்த பசி வருவதற்குள் திரும்பிவிடுவது. அதாவது மூன்று மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. இரண்டாவது, ஏதாவது வாங்கலாமா கூடாதா என்பதை அங்கே போய்ப் பேசாமல் வீட்டிலேயே பேசி முடிப்பது. "இன்று எதுவும் வாங்கும் நாள் இல்லை" என்று காலையிலேயே சொல்லிவிட்டால் முணுமுணுப்பு வரும், கடை வாசலில் புரண்டு அழுவது வராது. கூட்டத்துக்கு நடுவில் திடீரென்று "இல்லை" என்று கேட்பதுதான் பிள்ளைகளுக்குத் தாங்காது.

இடம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு எங்கே போனாலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் முதலில் கண்ணில் படும்.

கடைசிபெஞ்ச் | சனி, இரவு 10:52

அருங்காட்சியகம். சிரிக்காதீர்கள்.

மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977 முதல் கொண்டாடுகிறார்கள். அன்று உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்கள் இலவசமாகத் திறந்திருக்கும். மற்ற நாட்களிலும் வாரத்தில் ஒரு நாளோ, மாதத்தில் ஒரு நாளோ, மாலை கடைசி இரண்டு மணி நேரமோ கட்டணம் வாங்காத இடங்கள் நிறைய உண்டு. லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் வருடம் முழுக்கவே இலவசம். நம் ஊரில் எந்த நாள் என்பது அவர்கள் வலைத்தளத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் எழுதியிருக்கும்.

ஆனால் உள்ளே போய் எல்லா அறையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் தொலைந்தோம். நாங்கள் மூன்று பொருள் மட்டும் பார்ப்போம். ஒன்று பெரியவன் தேர்வு, ஒன்று சின்னவள் தேர்வு, ஒன்று என் தேர்வு. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து வரைய வேண்டும். பென்சில் எடுத்துப் போங்கள், பேனா வேண்டாம். மை கறைபடும் என்பதால் பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. வரைய ஆரம்பித்தால்தான் கண் வேலை செய்யும். இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிலைக்கு ஆறு விரல் இருப்பதை எங்கள் சின்னவள்தான் வரையும்போது கண்டுபிடித்தாள்.

45 நிமிடம். அதற்கப்புறம் வெளியே புல்வெளி.

குறும்பியின்அப்பா | ஞாயிறு, காலை 7:05

கடைசிபெஞ்ச் சகோ, உங்கள் பிள்ளைகளை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? என் மூன்றரை வயது மகளோடு அருங்காட்சியகம் போன கதையைச் சொன்னால் இழையே திசைமாறிவிடும். சுருக்கமாக: கயிறு கட்டி வைத்திருந்தார்கள், கயிறு என்றால் தொங்குவதற்கு என்று அவள் நினைத்தாள். காவலர் நல்லவர்.

இரட்டைவாலின் சின்னவனுக்கு 4 வயது. அந்த வயதுக்கு "பார்க்க" இடம் தேவையில்லை, தொட, ஏற, கொட்டத்தான் இடம் வேண்டும்.

இரட்டைவால் | ஞாயிறு, காலை 7:30

அதேதான் குறும்பியின்அப்பா! பெரியவளுக்கு மூன்று பொருள் யோசனை பிடிக்கும். சின்னவனை என்ன செய்வது?

பழையமிதிவண்டி | ஞாயிறு, காலை 8:20

சின்னவனுக்கு: பேருந்து. ஏதோ ஒரு இடத்துக்குப் போவதற்கான பேருந்து இல்லை, சும்மா பேருந்து.

எங்கள் வீட்டருகே புறப்படும் தடம் ஒன்றைப் பிடித்துக் கடைசி நிறுத்தம் வரை போவோம். காலை நேரம், புறப்படும் இடத்திலேயே ஏறினால் முன்பக்கம் ஜன்னலோரம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் சீட்டே கிடையாது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி அரை மணி நேரம் சுற்றுவோம். அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத இடத்தில்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்கும். ஒரு தடவை பேருந்துகளைக் கழுவும் இடம். நாற்பது நிமிடம் நின்று பார்த்தோம், என் பேரன் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறான்.

இன்னொன்று: கட்டடம் கட்டுகிற இடம். தடுப்புக்கு வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று ஜேசிபி மண் அள்ளுவதைப் பார்ப்பது. நாலு வயதுக்கு இதைவிடப் பெரிய சர்க்கஸ் கிடையாது. ஒரே இடத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போங்கள். பள்ளம் தூணாகி, தூண் தளமாகும். நாங்கள் ஒன்பது மாதம் ஒரே கட்டடத்தைப் பின்தொடர்ந்தோம்.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 8:41

ஐயா, பேருந்து கழுவும் இடத்தை நான் சுட்டுக்கொள்கிறேன்.

துணிக்கூடை | ஞாயிறு, முற்பகல் 11:10

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப்போகிறேன்.

இந்த மாதிரிப் பேச்சு எல்லாமே, வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் சனி ஞாயிறு விடுமுறை, இரண்டு பேருக்கும் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே போகிறது. நான் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. அன்று ஒரு வாரத் துணி, ஒரு வாரச் சமையல் சாமான், வீடு. "பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போங்கள்" என்று படிக்கும்போது எனக்கு அந்தப் பேருந்திலேயே தூங்கிவிட வேண்டும் போலத்தான் இருக்கிறது. பணம் செலவாகாது என்பது சரி. தெம்பு செலவாகுமே, அதை யார் கணக்கில் எழுதுவது?

பழையமிதிவண்டி | ஞாயிறு, முற்பகல் 11:48

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். நான் ஓய்வு பெற்றவன், எனக்கு நேரம்தான் சொத்து. அதை மறந்துவிட்டு எழுதினேன்.

நடைவண்டி | ஞாயிறு, பிற்பகல் 12:30

துணிக்கூடை, நான் நோட்டில் எழுதாமல் விட்டது அந்தக் கணக்கைத்தான். நாங்கள் இரண்டு பேர் இருந்தும் சில வாரம் முடிவதில்லை.

எங்களுக்கு உதவிய ஒரே ஏற்பாடு, பிள்ளைகளை மாற்றிக்கொள்வது. மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம், கிட்டத்தட்ட ஒரே வயதுப் பிள்ளைகள். ஒரு வாரம் அவர்கள் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் நாங்கள். மூன்று பிள்ளைகளைப் பார்ப்பது ஒரு பிள்ளையைப் பார்ப்பதைவிட எளிது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர்களே ஒருவருக்கொருவர் பொழுதுபோக்கு, நாம் சண்டை விலக்கும் நடுவர் மட்டும்.

ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும். "தொந்தரவு கொடுக்கிறோமோ" என்று தோன்றும். அதனால் நேரத்தைக் கறாராக வைத்துக்கொண்டோம்: பத்து மணிக்கு விட்டால் ஒரு மணிக்கு அழைத்துப் போய்விட வேண்டும், தாமதம் கிடையாது. சாப்பாடு போட வேண்டியதில்லை. எங்கேயும் வெளியே கூட்டிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் முதல் நாளே வாய்விட்டுப் பேசிக்கொண்டதால்தான் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இதற்கு முன்னால் இன்னொரு குடும்பத்தோடு பேசாமலே ஆரம்பித்து, இரண்டாவது மாதமே முகம் திருப்பிக்கொண்டோம்.

துணிக்கூடை | ஞாயிறு, பிற்பகல் 1:15

இது எனக்கு ஒத்துவரும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்கத் தயக்கம்தான், பார்க்கலாம். நன்றி. காலையில் எழுதியதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கும் நன்றி.

இரவுப்பறவை | ஞாயிறு, மாலை 6:20

எல்லாரும் பகலைப் பற்றியே பேசுகிறீர்களே, சனிக்கிழமைக்கு இரவு என்று ஒன்று இல்லையா?

நகரத்தில் வானம் தெரியாது என்று சொல்வார்கள். பால்வழி தெரியாதுதான். ஆனால் நிலா, கோள்கள், விண்வெளி நிலையம் மூன்றுக்கும் நகர வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. மாடியோ, கொஞ்சம் திறந்த இடமோ இருந்தால் போதும்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்த பிறகோ உதிப்பதற்கு முன்போ, நமக்கு இருட்டாகவும் அதற்கு வெயிலாகவும் இருக்கிற நேரத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும். விமானம் மாதிரி மினுக்காது, சத்தம் வராது. ஒரே சீராக ஒரு பிரகாசமான புள்ளி ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். சில நேரம் பாதியில் பட்டென்று மங்கி மறையும், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். நாசாவின் "ஸ்பாட் தி ஸ்டேஷன்" சேவை, உங்கள் ஊருக்கு எப்போது, எந்தத் திசையில் வரும் என்று இலவசமாகவே சொல்லும். "அதற்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்" என்று சொன்னதும் என் மகன் கையசைத்தான். இப்போது எங்கள் மாடியில் எல்லாருமே கையசைக்கிறோம், வெட்கமெல்லாம் போய்விட்டது.

நிலாவைப் பார்ப்பதற்கு முழுநிலா நாள் வேண்டாம். அன்று ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். அரைநிலா சமயத்தில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டைப் பாருங்கள், பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்திருக்கும். யாரிடமாவது பைனாகுலர் இரவல் வாங்கினால் இன்னும் நல்லது. வியாழன் தெரிகிற மாதங்களில் அதே பைனாகுலரைச் சுவரில் ஊன்றி ஆடாமல் பிடித்தால், பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். பெரியவள் வரைந்து வைத்துக்கொண்டால் ஒரு வாரத்திலேயே அவை சுற்றுவது புரிந்துவிடும்.

ஒரே எச்சரிக்கை: பகலில் பைனாகுலரைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும்.

கோபுரக்கொக்கு | ஞாயிறு, இரவு 8:02

இரவுப்பறவை பேரில் மட்டும்தான் பறவை வைத்திருக்கிறார், ஆகவே பறவைகள் என் பொறுப்பு.

ஒரே இடத்தில் 15 நிமிடம் உட்கார்ந்து, கண்ணில் படுகிற பறவைகளை எண்ணுவது. அவ்வளவுதான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் இப்படியே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, 1998ல் ஆரம்பித்தது, இப்போது உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் சேரலாம். அதற்கும் குறைந்தபட்சம் 15 நிமிடம்தான். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் "மெர்லின்" செயலி இலவசம், குரலைக் கேட்டே எந்தப் பறவை என்று சொல்லிவிடும், தப்பாகவும் சொல்லும். தப்பாகச் சொல்லும்போது செயலியோடு சண்டை போடுவது ஒன்பது வயதுக்கு மிகவும் பிடிக்கும்.

நாலு வயதுக்குப் புறா மட்டும் கொடுங்கள். "நீ புறா அதிகாரி, புறா எல்லாம் உன் கணக்கு." பதவி கொடுத்தால் பொறுப்பு தானாக வரும், பெரியவர்களைப் போல இல்லை.

பறவை இல்லையென்றால் எறும்பு. வரிசையாகப் போகிற எறும்புப் பாதையின் குறுக்கே விரலால் ஒரு கோடு துடைத்துவிடுங்கள். வரிசை அங்கே வந்து தயங்கி நிற்கும், அங்கும் இங்கும் தடவித் தேடும். வாசனைத் தடத்தைத்தான் அவை பின்பற்றுகின்றன, நாம் அதை அழித்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒன்று துணிந்து தாண்டும், அதன் பின்னால் மற்றவை. எவ்வளவு நேரம் ஆகிறது என்று பெரியவள் மணி பார்க்கட்டும். (கடிக்கிற எறும்பா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுபவம்.)

மூடியகதவு | ஞாயிறு, இரவு 9:26

13 வயதுப் பையன் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புறா, எறும்பு என்று நான் வாயைத் திறந்தாலே "அப்பா, ப்ளீஸ்" என்று கதவைச் சாத்திவிடுவான்.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 9:50

அவனை வழிகாட்டியாக்குங்கள். அந்த வயதில் "கூட வா" என்றால் வராது, "நீ கூட்டிப்போ" என்றால் வரலாம்.

ஜியோகேச்சிங் என்று ஒன்று இருக்கிறது. யாரோ ஒளித்து வைத்த சின்ன டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடுவது. 2000ம் ஆண்டு மே 2 அன்று அமெரிக்கா ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. மறுநாளே அங்கே ஒருவர் வாளி ஒன்றைக் காட்டோரத்தில் வைத்துவிட்டு இடத்தை இணையத்தில் போட்டார், அப்படி ஆரம்பித்தது. செயலியின் அடிப்படைப் பயன்பாடு இலவசம். நகரங்களில் பாலத்தடி, பூங்கா வேலி, விளக்குக் கம்பம் என்று எங்கேயாவது இருக்கும். தேடுவது வெளியாட்களுக்குத் தெரியக்கூடாது என்பது விளையாட்டின் விதி. திருட்டுத்தனமாக ஒன்றைச் செய்யலாம் என்று அப்பாவே சொன்னால் 13 வயது எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

மூடியகதவு | திங்கள், காலை 6:55

கதவு அரையடி திறந்தது. "காட்டு, பார்க்கலாம்" என்றான். இப்போதைக்கு இதுவே வெற்றி.

குறும்பியின்அப்பா | திங்கள், காலை 7:12

வாழ்த்துகள். எனக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

சரி, நாணய நடையை யாரும் சொல்லவில்லையே? வீட்டு வாசலில் ஆரம்பித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் இடது, பூ விழுந்தால் வலது. சுண்டுவது பிள்ளைகளின் வேலை. அரை மணி நேரம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய், அப்புறம் பெரியவள் வழி கண்டுபிடித்துத் திரும்ப வர வேண்டும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மணிக்கூண்டு ஒன்று இருப்பது ஆறு வருடம் கழித்து இப்படித்தான் தெரிந்தது. வண்டி அதிகம் ஓடும் சாலை வந்தால் நாணயத்தை மதிக்க வேண்டாம்.

எண்தொலைந்தவர் | திங்கள், பிற்பகல் 2:40

இலவசப் பயிலரங்குகள் பற்றி ஓர் எச்சரிக்கை. "குழந்தைகளுக்கு இலவச அறிவியல் பயிற்சி, ஞாயிறு காலை" என்று ஒரு விளம்பரம் பார்த்துக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். வாசலிலேயே கைபேசி எண், பிள்ளையின் வயது, படிக்கும் வகுப்பு எல்லாம் எழுதி வாங்கினார்கள். பயிற்சி இருபது நிமிடம், அப்புறம் பெற்றோரைத் தனி அறையில் உட்கார வைத்து ஒரு வருடப் படிப்புக்குப் பணம் கட்டச் சொல்லி நாற்பது நிமிடம். கட்டவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் தினமும் அழைப்பு.

பொது நூலகம், அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், வானியல் குழு நடத்துவது வேறு மாதிரி. அவர்களுக்கு நம்மிடம் விற்க எதுவும் இல்லை. மற்ற எதற்குப் போனாலும், இதை நடத்துபவருக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் ஒரு தடவை யோசித்துக்கொள்வேன் இப்போது.

நூலடுக்கு | திங்கள், மாலை 5:05

நூலகத்தில் வேலை செய்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை. புத்தகம் இரவல் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று நினைத்து வாசலோடு போய்விடுகிறார்கள். கதை சொல்லும் நேரம், பலகை விளையாட்டுகள், சில நூலகங்களில் தொலைநோக்கி, இசைக்கருவி, தையல் இயந்திரம் வரை இரவல் உண்டு. உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் குடும்பச் சீட்டு இரவல் தருகிற நூலகங்களும் உண்டு. எங்களிடம் கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் பலகையில் எழுதி வைப்பதும் குறைந்துபோகிறது. வந்தால் மேசையில் இருப்பவரிடம் "புத்தகம் தவிர என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பிள்ளை சத்தம் போடுமே என்று தயங்காதீர்கள். சிறுவர் பகுதியில் சத்தம் இல்லாவிட்டால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

இருட்டறை | செவ்வாய், இரவு 9:30

தாமதமாக வந்திருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்கிற ஒன்று, எங்கள் வீட்டில் இதுவரை செய்ததிலேயே சிறந்தது. துணிக்கூடைக்கும் உதவும்.

ஓர் அறையை முழுக்க இருட்டாக்குங்கள். தெருவைப் பார்த்த ஜன்னல் இருக்க வேண்டும், அதற்கு எதிரே வெளிர் நிறச் சுவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடலாம். ஜன்னலை அட்டைப்பெட்டி, கெட்டிப் போர்வை, ஒட்டுநாடா எல்லாம் வைத்து ஒளி புகாமல் மூடுங்கள். கதவிடுக்கில் துணி. பிறகு அட்டையில் ஒரு சின்ன ஓட்டை, சட்டைப் பொத்தான் அளவு. வெளியே நல்ல வெயில் இருக்க வேண்டும், மேகம் மூடிய நாளில் ஒன்றும் தெரியாது.

முதல் ஐந்து நிமிடம் எதுவும் தெரியாமல் "போர்" என்பார்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் சுவரில் மெதுவாகப் படம் தெரியும்: வானம் கீழே கிடக்கும், எதிர்க் கட்டடம் தலைகீழாகத் தொங்கும். தெருவில் ஒரு வண்டி போனால் சுவரின் மேல்பகுதியில் சக்கரம் மேலே வைத்து, எதிர்த் திசையில் ஓடும். வண்ணத்தில், சத்தமில்லாமல், நேரலையாக. என் மகள் அரை மணி நேரம் பேசவே இல்லை, எங்கள் வீட்டு வரலாற்றில் இது பதிவு செய்ய வேண்டிய செய்தி.

ஒளி நேர்க்கோட்டில் போவதுதான் காரணம். கட்டடத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி ஓட்டை வழியாகக் கீழ்ச்சுவரில் விழுகிறது, தரையிலிருந்து வருவது மேல்சுவரில். 11ம் நூற்றாண்டிலேயே இப்னு அல்ஹைதம் என்ற அரபு அறிஞர் இதை விளக்கியிருக்கிறார். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் படம் பிரகாசமாகும், ஆனால் கலங்கும். சிறிதாக்கினால் துல்லியமாகும், ஆனால் மங்கும். பெரியவள் மூன்று அட்டைகளில் மூன்று அளவு வெட்டி மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் ஒருவர் தெருவுக்கு இறங்கிப் போய் வெயிலில் நின்று குதிக்க வேண்டும். சுவரில் அம்மா தலைகீழாகக் குதிப்பதைப் பார்த்து எங்கள் வீட்டில் சிரித்த சிரிப்பு மேல்வீட்டுக்குக் கேட்டது.

மூடுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் விளையாட்டில் சேர்த்திதான். செலவு ஒட்டுநாடா மட்டும். கழற்றும்போது சுவர் வண்ணம் உரிந்து வராத நாடாவாகப் பாருங்கள், நான் பார்க்கவில்லை.

குறும்பியின்அப்பா | செவ்வாய், இரவு 10:04

அந்த அட்டைப்பெட்டியை அப்புறம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சின்னவர்களுக்கு அது வீடு, கப்பல், கடை. 1943ல் டென்மார்க்கில் எம்ட்ரப் என்ற இடத்தில், பலகை, செங்கல், பழைய சாமான் மட்டும் போட்டு விளையாட்டுத் திடல் ஒன்றைத் திறந்தார்கள். சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனை. தான் அழகாக வடிவமைத்த திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறு எங்கேயெல்லாமோ விளையாடுவதை அவர் கவனித்திருந்தார். நானும் விலை கொடுத்து வாங்கிய பொம்மை வீட்டின் பெட்டியோடு அதே பாடத்தைக் கற்றேன்.

துணிக்கூடை | ஞாயிறு, மாலை 4:45

பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டேன். அவர்களும் இதைத்தான் எங்களிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம். இன்று என் பெண் அங்கே மூன்று மணி நேரம் இருந்தாள். ஒரு மணி நேரத்தில் துணியை முடித்தேன், மிச்சம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். வேறு எதுவும் செய்யவில்லை.

நடைவண்டி | ஞாயிறு, மாலை 5:10

சரியாகச் செய்தீர்கள்.

இரட்டைவால் | ஞாயிறு, இரவு 8:35

இரண்டு வாரக் கணக்கோடு வந்திருக்கிறேன். நடைவண்டி சொன்ன மாதிரி நோட்டில் எழுதினேன்.

போன சனி இருட்டறை. பெரியவளுக்கு அது சொர்க்கம், பள்ளியில் போய் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். சின்னவனுக்கு இருட்டு பயம், என் மடியிலேயே இருந்தான், ஆனால் வண்டி தலைகீழாகப் போனதும் இறங்கிவிட்டான். செலவு: ஒட்டுநாடா. என் வீட்டுச் சுவரும் கொஞ்சம் உரிந்தது, எச்சரித்த பிறகும்.

போன ஞாயிறு நிலா பார்க்கலாம் என்றோம். மேகம். மாடியில் அரை மணி நேரம் நின்று, கொசு கடித்து, இறங்கி வந்தோம். அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

நேற்று அருங்காட்சியகம், கட்டணமில்லாத மாலை நேரம். பெரியவளும் அவள் அப்பாவும் மட்டும் உள்ளே போனார்கள். நானும் சின்னவனும் வெளியே எறும்பு. இரண்டு பிள்ளைகளையும் எப்போதும் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. பேருந்துச் செலவு மட்டும். எறும்பு 6 நிமிடத்தில் கோட்டைத் தாண்டியது.

இன்று காலை பேருந்தில் கடைசி நிறுத்தம். அங்கே பெரிய கட்டட வேலை நடப்பதாக மேலே ஜன்னலிலிருந்தே தெரிந்தது, சின்னவன் கத்திக்கொண்டே இறங்கினான். கிட்டே போனால் ஜேசிபி ஓரமாக நிற்கிறது, ஓட்டுநர் இல்லை, ஒரு ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை! அவன் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அதுவும் தூங்குதா?" என்று கேட்டான். திரும்பி வரும்போது பேருந்தில் அவனும் தூங்கிவிட்டான்.

பழையமிதிவண்டி ஐயா, உங்கள் கட்டடம் எந்த நாளில் ஓடியது?

பழையமிதிவண்டி | ஞாயிறு, இரவு 9:15

சனிக்கிழமை அம்மா. மதியச் சாப்பாட்டுக்கு வேலை நின்றுவிடும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். கான்கிரீட் கலவை வண்டி வந்தால் அதிர்ஷ்டம்.